மோதாமல் தப்பினால் மட்டும் போதுமா?

"நல்லவேளை, ஒண்ணும் ஆகல்லே!"

சாலையில் ஒரு கண்டத்திலிருந்து தப்பி வந்தவர்களைப் பார்த்து நாம் எல்லாரும் சொல்கிற வார்த்தை இது. சொல்லிவிட்டு, பிள்ளையாருக்கு ஒரு சிதறுகாய் போட்டுவிட்டு, அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். ஆனால் வாசக சகோதரிகளே, அந்த "ஒண்ணும் ஆகல்லே"க்குள் எத்தனையோ ஒளிந்திருக்கிறது. மறுநாள் காலையில் திரும்ப மறுக்கிற கழுத்து, ராத்திரி அலறி எழுகிற குழந்தை, பட்டறைக்காரர் நீட்டுகிற பில், "உன்னை யாரு ஓட்டச் சொன்னா?" என்று வீட்டில் கேட்கிற கேள்வி... இவையெல்லாம் மோதாத விபத்தின் மிச்சங்கள்தாம்.

மோதிய விபத்துகளுக்குக் கணக்கு இருக்கிறது. 2022-ஆம் ஆண்டில் நம் நாட்டில் 4,61,312 சாலை விபத்துகள் பதிவாகி, அவற்றில் 1,68,491 பேர் இறந்துபோனார்கள். அந்த வருஷம் எண்ணிக்கையில் அதிக விபத்துகள் நடந்தது நம் தமிழ்நாட்டில்தான் (64,105). ஆனால், கடைசி நிமிஷத்தில் ஸ்டியரிங்கை ஒடித்துத் தப்பியவர்களுக்கு எந்த நோட்டிலும் கணக்கு இல்லை. அவர்களுக்கு என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தருவதும் இல்லை. இந்த இதழில் அவர்களைப் பற்றித்தான் பேசப்போகிறோம்.

வாடிப்பட்டி தாண்டி...

எனக்குத் தெரிந்த பெண் ஒருத்தி. வயது இருபத்தொன்பது, இரண்டு குழந்தைகளுக்குத் தாய். மதுரையில் ஒரு வளைகாப்புக்குப் போய்விட்டு, நாலுவழிச் சாலையில் திண்டுக்கல்லுக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள். காரை ஓட்டியது அவள். பின் சீட்டில் பெல்ட் போட்டுக்கொண்டு ஏழு வயது மகன், பக்கத்தில் மாமியார், அவர் மடியில் இரண்டு வயதுச் சின்னவள்.

வாடிப்பட்டி தாண்டியதும், பால் கேன் கட்டிய மோட்டார் பைக் ஒன்று எதிர்த் திசையில் நேராக இவளைப் பார்த்து வந்துவிட்டது. சுற்றிப் போக வேண்டிய தூரத்தை மிச்சம் பிடிக்க, ராங் சைடில் வருகிறார்களே, அந்த ரகம். இவள் பிரேக்கை அழுத்தி மிதித்தாள். வண்டி நிற்காது போலிருந்தது. ஸ்டியரிங்கை இடது பக்கம் திருப்பினாள். கார் மண் ஓரத்தில் இறங்கி, பள்ளத்தில் சரிந்து, கருவேலம் புதரில் போய் நின்றது. பைக்காரர் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுப் போயே போய்விட்டார்!

யாருக்கும் எலும்பு முறியவில்லை. மடியில் இருந்த குழந்தை நழுவி, முன் சீட்டின் முதுகில் நெற்றி இடித்துக் கொழுக்கட்டை மாதிரி வீங்கிவிட்டது. காருக்கு முன் சக்கரம் கோணி, பம்பர் உடைந்து, அடியில் எண்ணெய் ஒழுகியது.

வீட்டில் முதல் கேள்வி என்ன தெரியுமா? "அவன்தானே தப்பா வந்தான்? இடிச்சிருந்தா அவன் தலையெழுத்து. இப்போ செலவு நம்ம தலையிலே!" என்பதுதான். சொன்னது வேறு யாருமில்லை, கட்டிய கணவர். கோபத்தில் சொன்னதுதான், மனதில் வைத்துச் சொன்னதில்லை. ஆனாலும் அந்தப் பெண் அன்றிலிருந்து சாவியைத் தொடவில்லை. என்னிடம் வந்து கேட்டாள்: "அக்கா, நான் செஞ்சது சரியா, தப்பா? அதை மட்டும் சொல்லுங்க."

சரியா தப்பா? பார்த்துவிடுவோம்.

அந்த ஒரு விநாடி

மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகிற கார் ஒரு விநாடியில் 22 மீட்டர் போய்விடுகிறது. இரண்டு பஸ்களை வரிசையாக நிறுத்தினால் எவ்வளவு நீளமோ, அவ்வளவு! எதிரே ஆபத்து இருப்பதைக் கண் பார்த்து, மூளை புரிந்துகொண்டு, கால் பிரேக்குக்குப் போக ஏறக்குறைய ஒரு விநாடி பிடிக்கிறது. அதாவது நீங்கள் பிரேக்கைத் தொடுவதற்குள்ளேயே 22 மீட்டர் கரைந்துவிட்டது. அதற்குப் பிறகு, காய்ந்த சாலையில் வண்டி முழுசாக நிற்க இன்னும் முப்பது மீட்டருக்கு மேல் வேண்டும். மழை பெய்திருந்தால் இன்னும் கூடுதல். எதிரே வருகிறவரும் வேகமாக வருகிறார் என்றால், இடையில் இருக்கிற தூரம் இரண்டு பக்கமிருந்தும் கரைகிறது.

இன்னொரு கணக்கும் உண்டு. வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்து நிற்கிற தூரம் இரண்டு மடங்கல்ல, நாலு மடங்கு ஆகிறது. நாற்பதில் போகிறவருக்கு இருக்கிற அவகாசம் எண்பதில் போகிறவருக்கு இல்லை என்பது இதனால்தான்.

ஆகவே முதலில் செய்ய வேண்டியது பிரேக். திருப்புவது அதற்கு அப்புறம்தான். வேகம் குறையாமல் ஸ்டியரிங்கை ஒடித்தால் வண்டி சறுக்கும், உருளவும் உருளும். 2019 ஏப்ரலுக்குப் பிறகு விற்பனையான கார்களில் ஏ.பி.எஸ். என்கிற பிரேக் அமைப்பு கட்டாயம். அப்படிப்பட்ட வண்டியில் பிரேக்கை விட்டு விட்டு மிதிக்கக் கூடாது. முழு பலத்தோடு மிதித்து, அப்படியே பிடித்திருக்க வேண்டும். காலுக்கடியில் பெடல் தடதடவென்று அதிரும். பயந்துபோய்க் காலை எடுத்துவிடாதீர்கள். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான் அந்த அதிர்வு. அதனால்தான் பிரேக் பிடித்துக்கொண்டே திருப்பவும் முடிகிறது. ஏ.பி.எஸ். இல்லாத பழைய வண்டியில் அழுத்தி மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு, ஸ்டியரிங் சொன்னபடி கேட்காது. அதில் பிரேக்கைச் சற்றுத் தளர்த்தித்தான் திருப்ப வேண்டும்.

எந்தப் பக்கம் திருப்புவது? எதிரே வண்டி வந்தால் நம் ஊரில் இடது பக்கம்தான். வலது பக்கம் ஒடித்தால், ஒன்று நடுத் தடுப்பில் முட்டுவோம். இல்லாவிட்டால் பின்னால் வேகமாக வருகிற வண்டியின் வழியில் போய் விழுவோம். தவிர, எதிரே வருகிறவரும் கடைசி நேரத்தில் தன் இடப்பக்கம் ஒதுங்கத்தான் பார்ப்பார். நேருக்கு நேர் மோதுவதைவிட ஓரத்துப் புதரில் இறங்குவது எவ்வளவோ மேல்.

கண் எங்கே போகிறதோ, கையும் அங்கேதான் போகும். அதனால் மோதப்போகிற பொருளையே பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. காலியாக இருக்கிற இடத்தைப் பார்க்க வேண்டும்.

ரொம்பப் பேர் உயிரை விடுவது முதல் திருப்பத்தில் அல்ல, இரண்டாவது திருப்பத்தில். வண்டி மண்ணில் இறங்கியதும் பதறிப்போய், சட்டென்று தார் ரோட்டுக்கு இழுத்துவிடுகிறார்கள். மண்ணில் ஒரு சக்கரம், தாரில் ஒரு சக்கரம் என்று இருக்கும்போது வெடுக்கென்று திருப்பினால் வண்டி குறுக்கே பாய்ந்து கவிழ்ந்துவிடும். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, வேகம் நன்றாகக் குறைந்த பிறகுதான் மெதுவாக ஏற வேண்டும்.

இப்போது சொல்லுங்கள். நம் வாடிப்பட்டிப் பெண் முதலில் பிரேக் பிடித்தாள். பிறகு இடது பக்கம் திருப்பினாள். திரும்ப ரோட்டுக்கு இழுக்கவில்லை. மூன்றும் சரி! ஒரு உயிர் பிழைத்தது. இவள் வண்டியில் இருந்த நாலு உயிரும் பிழைத்தன. பம்பரை எந்தக் கடையிலும் வாங்கலாம்.

எதற்குத் திருப்பக் கூடாது?

நாய், கோழி, ஓணான் குறுக்கே ஓடினால் மனசு பதைக்கத்தான் செய்யும். ஆனால் வேகத்தில் இருக்கும்போது அவற்றுக்காக ஸ்டியரிங்கை ஒடிக்காதீர்கள். நேராகவே பிரேக் பிடியுங்கள். பாவம்தான், ஆனால் ஒரு நாய்க்காக ஒடித்து, குடும்பத்தோடு லாரிக்கடியில் போனவர்கள் செய்தி பேப்பரில் வராத நாளில்லை. மாடு, எருமை என்றால் முதலில் பிரேக். வேறு வழியே இல்லாமல் திருப்பத்தான் வேண்டுமென்றால் அதன் பின்பக்கமாகத் திருப்புங்கள். மாடு பெரும்பாலும் முன்னோக்கித்தான் நகரும்.

ஸ்கூட்டரில் போகிற சகோதரிகளே, உங்களுக்கும் இதே பாடம்தான். வண்டி நேராக இருக்கும்போதே இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடியுங்கள். ஹாண்டிலைத் திருப்பிக்கொண்டே முன் பிரேக்கை மட்டும் பிடித்தால், மணலில் வண்டி வழுக்கிவிடும்.

வண்டி நின்றதும்

கை நடுங்கும், முழங்கால் துவளும், வாய் உலர்ந்து போகும். சிலருக்குச் சிரிப்புகூட வரும்! பயத்தில் உடம்பு சுரக்கிற அட்ரினலின் செய்கிற வேலை இது. பத்து இருபது நிமிஷத்தில் அடங்கும். அதற்குள் செய்ய வேண்டியவை:

1. என்ஜினை அணையுங்கள். நாலு மூலை விளக்கும் சிமிட்டுகிற ஹஸார்ட் சுவிட்சைப் போடுங்கள்.

2. எல்லாரும் இடது பக்கக் கதவு வழியாக இறங்கி, சாலையை விட்டுத் தள்ளிப் போய் நில்லுங்கள். விபத்தில் தப்பியவர்கள், ரோட்டில் நின்று பேசிக்கொண்டிருக்கும்போது அடுத்து வந்த வண்டியில் அடிபடுவது உண்டு. குழந்தைகளை யாராவது ஒருவர் கையில் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

3. காரோடு தந்த சிவப்பு முக்கோணத்தைப் பின்னால் ஐம்பது மீட்டராவது தள்ளி வையுங்கள்.

4. ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "எங்கே வலிக்குது?" என்று கேளுங்கள். அழுகிற குழந்தையைவிட, அழாமல் சோர்ந்து கிடக்கிற குழந்தையை முதலில் பாருங்கள்.

5. அடிபட்டிருந்தால் 108. தேசிய நெடுஞ்சாலையில் கிரேன், ரோந்து வண்டி உதவிக்கு 1033. போலீஸுக்கு 112. மூன்றையும் இப்போதே போனில் பதிந்து வைத்துவிடுங்கள்.

கழுத்து வலிக்கிறது என்பவரைக் கையைப் பிடித்து இழுத்து இறக்காதீர்கள். தீப்பற்றும் ஆபத்து இல்லையென்றால், அவர் இருந்தபடியே இருக்கட்டும். மயங்கிக் கிடப்பவர் வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றவே கூடாது. மூச்சுக் குழாயில் போய்விடும். தலையிலோ வயிற்றிலோ பலமான அடி என்றால், நினைவோடு இருந்தாலும் டாக்டர் பார்க்கும்வரை ஒன்றும் கொடுக்க வேண்டாம். ஆபரேஷன் தேவைப்படலாம்.

மோதவில்லை, ஆனால் உங்களைப் பார்த்துப் பயந்து சைக்கிள்காரர் விழுந்துவிட்டார் என்று வையுங்கள். "நான் தொடவே இல்லையே!" என்று போய்விடக் கூடாது. நம் வண்டி சம்பந்தப்பட்டு ஒருவருக்குக் காயம் என்றால் அவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்ய வேண்டும். 24 மணி நேரத்துக்குள் போலீஸுக்குத் தெரிவிக்க வேண்டும். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் சொல்ல வேண்டும். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆம் பிரிவு இது. கூட்டம் கூடி மிரட்டுகிறது என்றால், காருக்குள் கதவைப் பூட்டிக்கொண்டு 112-க்குப் பேசுங்கள். "பேசி முடிச்சுக்கலாம்" என்று யாராவது வெள்ளைத்தாளை நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள்.

வழியில் வேறு யாராவது அடிபட்டுக் கிடந்தால் தயங்காமல் உதவுங்கள். "போலீஸ், கோர்ட்டுன்னு இழுப்பாங்களே" என்கிற பயம் இனி வேண்டாம். 2019-இல் திருத்தப்பட்ட சட்டத்தின் 134ஏ பிரிவு, நல்ல மனதோடு உதவுகிறவரைக் காப்பாற்றுகிறது. பெயரைச் சொல்லும்படியோ, சாட்சியாக வரும்படியோ உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது.

சிகிச்சைச் செலவுக்கும் வழி உண்டு. "இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48" என்ற தமிழக அரசின் திட்டம் 2021 டிசம்பரில் வந்தது. விபத்துக்குப் பிறகு முதல் 48 மணி நேர சிகிச்சையைக் கட்டணமின்றித் தருவதற்கென்றே கொண்டுவந்த திட்டம். 2025 மே மாதத்தில் மத்திய அரசும், 7 நாள் வரை, ஒருவருக்கு ஒன்றரை லட்ச ரூபாய் வரை ரொக்கமில்லாச் சிகிச்சைக்குத் திட்டம் அறிவித்தது. ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போதே இவற்றைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். கேட்காவிட்டால் சிலர் சொல்வதில்லை!

மறுநாள் வருகிற வலி

அன்றைக்கு ஓடியாடிவிட்டு, மறுநாள் எழுந்திருக்கும்போதுதான் கழுத்தும் தோளும் இறுகிப்போயிருக்கும். திடீர் பிரேக்கில் தலை முன்னும் பின்னும் சொடுக்கப்படுவதால் கழுத்துத் தசை நாரெல்லாம் இழுபட்டுவிடுகிறது. முதல் இரண்டு நாளில்தான் வலி அதிகம்.

துணியில் சுற்றிய ஐஸ் கட்டியைப் பதினைந்து நிமிஷம் வையுங்கள். ஒரு நாளைக்கு மூன்று நாலு தடவை. இரண்டு நாள் கழித்து வெந்நீர் ஒத்தடம். படுத்தே கிடக்காமல் கழுத்தை மெல்ல, வலி பொறுக்கிற அளவுக்கு அசைத்துக்கொண்டே இருங்கள். சீக்கிரம் குணமாக அதுதான் வழி. ஒன்று மட்டும் வேண்டவே வேண்டாம், சகோதரிகளே. "சுளுக்கு எடுக்கிறேன்" என்று கழுத்தைத் திருகுகிறவரிடம் போகாதீர்கள். உள்ளே எலும்பில் கீறல் இருந்தால், ஒரே திருகலில் கை கால் விளங்காமல் போய்விடும்.

இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி: ஒரு தடவைக்கு மேல் வாந்தி, நேரம் ஆக ஆகக் கூடுகிற தலைவலி, பேச்சுக் குழறல், தடுமாற்றம், வலிப்பு, மூக்கிலோ காதிலோ ரத்தமோ தெளிந்த நீரோ வடிதல், கை கால் மரத்துப்போதல், மூச்சுத் திணறல், பெல்ட் பதிந்த இடத்தில் வயிற்றில் நீலம் பாய்ந்து வலித்தல்.

குழந்தைக்குத் தலையில் அடி என்றால், முதல் ஒரு நாள் இரண்டு நாள் கண்காணிப்பு முக்கியம். ஓயாத அழுகை, பால் குடிக்க மறுப்பது, வழக்கமில்லாத சோர்வு எல்லாம் அபாய விளக்குகள். "தலையில் அடிபட்ட குழந்தையைத் தூங்கவே விடக்கூடாது" என்று பாட்டிமார் சொல்வார்கள். வழக்கமான நேரத்தில் தூங்கினால் தூங்கட்டும். எழுப்பினால் எழுந்து அம்மாவை அடையாளம் தெரிந்துகொள்கிறதா என்று மட்டும் அவ்வப்போது பாருங்கள். எழுப்ப முடியவில்லை என்றால்தான் ஆபத்து. ஒரு வயதுக்குள் இருக்கிற குழந்தை என்றால், நன்றாக இருக்கிற மாதிரி தெரிந்தாலும் டாக்டரிடம் காட்டிவிடுவது நல்லது.

கர்ப்பிணிகளுக்கு ஒரு வார்த்தை. வயிற்றில் அடி படாவிட்டாலும், பெல்ட் இறுக்கிப் பலமாகக் குலுங்கியிருந்தால், அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். உள்ளே நஞ்சுக்கொடி நெகிழ்ந்திருந்தால் வெளியே தெரியாது. அதனால்தான் சில மணி நேரம் வைத்திருந்து, குழந்தையின் இதயத் துடிப்பைப் பார்த்து அனுப்புகிறார்கள். ரத்தப் போக்கு, வயிறு இறுகி இறுகி வலிப்பது, குழந்தையின் அசைவு குறைவது, நீர் கசிவது — இவை தெரிந்தால் ராத்திரி பகல் பார்க்கக் கூடாது. இதற்காக பெல்ட்டையே போடாமல் இருந்துவிடாதீர்கள். கீழ்ப் பட்டை வயிற்றுக்கு அடியில், இடுப்பெலும்பு மேல். மேல் பட்டை இரண்டு மார்புக்கும் நடுவில். வயிற்றின் மேல் எந்தப் பட்டையும் வரக் கூடாது. அவ்வளவுதான்.

பால் கொடுக்கிற தாய்மாருக்கு, அதிர்ச்சியில் ஒரு நாள் இரண்டு நாள் பால் இறங்கச் சிரமப்படலாம். "பயந்த பால் குழந்தைக்கு ஆகாது" என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். பால் கெடுவதில்லை. குழந்தையை அணைத்துக் கொடுக்கக் கொடுக்கத் தானே சுரக்கும். தாயின் நடுக்கமும் அடங்கும்.

மடி பத்திரமான இடம்தானா?

"என் மடியிலே இருக்கிறப்போ குழந்தைக்கு என்ன வந்துடும்?" என்று அந்த மாமியார் கேட்டார். பாசத்தில் குறையே இல்லை. கணக்கில்தான் கோளாறு. ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் மோதி நின்றால், பத்து கிலோ குழந்தை அந்தக் கணத்தில் நூறு கிலோவுக்கு மேல் கனக்கும். எந்தப் பாட்டியின் கையும் அதைப் பிடித்து நிறுத்தாது. முன் சீட்டில் மடியில் வைத்துக்கொண்டால், வெடிக்கிற ஏர்பேக்கே குழந்தைக்கு எமன்.

சின்னக் குழந்தைக்குத் தனி இருக்கை, அதுவும் பின் சீட்டில். கைக்குழந்தையானால் வண்டியின் பின்பக்கம் பார்த்தபடி. 14 வயதுக்குட்பட்ட குழந்தை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் காரில் போனால் ரூ. 1,000 அபராதம் என்று சட்டமே சொல்கிறது (பிரிவு 194பி). அபராதத்தை விடுங்கள். கைவளை ஒன்று செய்கிற பணத்தில் கால் பங்குகூட ஆகாது அந்த இருக்கைக்கு! பலமாக மோதிய காரில் இருந்த குழந்தை இருக்கையை மறுபடி உபயோகிக்க வேண்டாம். உள்ளே விரிசல் இருந்தால் கண்ணுக்குத் தெரியாது.

காரும் காகிதமும்

பள்ளத்தில் இறங்கிய காரைத் தள்ளி ஏற்றி, "ஸ்டார்ட் ஆகுதா பார்ப்போம்" என்று சாவியைத் திருப்பாதீர்கள். அடியில் எண்ணெய் ஒழுகியிருந்தால், நாலு கிலோமீட்டர் ஓட்டுவதற்குள் என்ஜின் இறுகிப்போகும். "அடிபட்டதற்குத் தருவோம், அப்புறம் ஓட்டிக் கெடுத்ததற்குத் தர மாட்டோம்" என்று இன்ஷூரன்ஸ்காரர்கள் சொல்லிவிடுவார்கள். இழுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

வண்டியை நகர்த்துவதற்கு முன் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்: நாலு பக்கம், டயர் தடம், சாலையின் இரண்டு பக்கமும் தெரிகிற மாதிரி ஒன்று, தப்பி ஓடியவரின் வண்டி எண் தெரிந்தால் அது. பார்த்தவர் யாராவது சம்மதித்தால் அவருடைய போன் எண். நேரம், இடம், நடந்தது எல்லாவற்றையும் அன்று ராத்திரியே ஒரு தாளில் எழுதி வையுங்கள். நாலு நாள் போனால் ஞாபகம் மாறிவிடும். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு அன்றே தகவல். அவர்கள் அனுப்புகிற சர்வேயர் பார்ப்பதற்கு முன் ரிப்பேரைத் தொடங்கக் கூடாது.

எதன்மேலும் மோதாமல் பள்ளத்தில் இறங்கிய சேதத்துக்கு மூன்றாம் நபர் பாலிசி மட்டும் இருந்தால் ஒன்றும் கிடைக்காது. சொந்தச் சேதத்துக்கும் சேர்த்து எடுத்திருக்க வேண்டும். சின்னக் கீறல், நசுங்கல் என்றால் அவசரப்பட்டு க்ளெய்ம் போடாதீர்கள். க்ளெய்ம் இல்லாத வருஷங்களுக்காகத் தருகிற தள்ளுபடி முதல் வருஷம் 20 சதவீதத்தில் தொடங்கி 50 வரை ஏறும். ஒரு க்ளெய்ம் போட்டால் அது பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். ரிப்பேர் செலவையும், இழக்கப்போகிற தள்ளுபடியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். மளிகைக் கணக்குப் போடுகிற நமக்கு இது தெரியாதா என்ன?

"வண்டி அவர் பேரில் இருக்கே, நான் ஓட்டினா இன்ஷூரன்ஸ் கிடைக்குமா?" என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். உங்களிடம் செல்லுபடியாகிற லைசென்ஸ் இருந்து, அவர் சம்மதத்தோடு ஓட்டினால் வண்டிச் சேதத்துக்குத் தடையில்லை. ஆனால் கட்டாயமாகச் சேர்க்கிற 15 லட்ச ரூபாய் உயிர்க்காப்பு, சொந்தக்காரர் தாமே ஓட்டும்போது அவருக்கு மட்டும்தான். உங்களுக்கும் குழந்தைகளுக்கும் தனியாகக் கட்டிச் சேர்க்க வேண்டும். அடுத்த தடவை புதுப்பிக்கும்போது கேளுங்கள்.

மனசில் விழுந்த நசுங்கல்

பட்டறையில் நேராக்க முடியாத நசுங்கல் ஒன்று உண்டு. கண்ணை மூடினால் அந்தக் காட்சி. ஹாரன் சத்தம் கேட்டால் திடுக். "ஒரு விநாடி தாமதிச்சிருந்தா..." என்கிற எண்ணம் சுற்றிச் சுற்றி வரும். முதல் சில வாரம் இது இயற்கை. மனசு தன் பயத்தைத் தானே மென்று ஜீரணிக்கிறது. அதைப் பேசவிட வேண்டும். "அதையே பேசாதே, மறந்துடு" என்று வாயை அடைத்தால் உள்ளே போய்ப் புண்ணாகும்.

குழந்தைகள் வேறு விதமாகக் காட்டுவார்கள். நிறுத்தியிருந்த படுக்கை நனைப்பு திரும்ப வரும். அம்மா முந்தானையை விடாமல் பிடித்துக்கொள்ளும். பொம்மைக் காரை மோத விட்டு விளையாடும். திட்டாதீர்கள். "ஆமாம், கார் பள்ளத்திலே இறங்கிச்சு. அம்மா பிரேக் போட்டேன். நாம எல்லாரும் வீட்டுக்கு வந்துட்டோம்" என்று கதையை முடித்துக் கொடுங்கள். குழந்தைக்கு வேண்டியது அந்த முடிவுதான்.

ஒரு மாதம் தாண்டியும் தூக்கமில்லை, வேலை ஓடவில்லை, அந்த வழியில் பஸ்ஸில் போகக்கூட முடியவில்லை என்றால் மனநல டாக்டரைப் பார்ப்பதில் வெட்கமென்ன? 14416 என்ற எண்ணில் டெலி மனஸ் சேவை இருக்கிறது. காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

திரும்ப ஓட்ட ஆரம்பிப்பதைத் தள்ளிப் போடாதீர்கள். கழுத்து வலி தீர்ந்ததும், முதல் நாள் நிற்கிற வண்டியில் சும்மா உட்காருங்கள். அடுத்த நாள் தெருமுனை வரை. அதற்கடுத்து கோவில் வரை. பக்கத்தில் வாய் ஓயாமல் "பார்த்து, பார்த்து" என்று சொல்கிறவரை ஏற்றாதீர்கள்! நம் வாடிப்பட்டிப் பெண்ணும் இப்படித்தான் தொடங்கினாள். இப்போது மகனைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வருகிறாள். அவள் கணவரிடமும் பேசினேன். "அந்தப் பைக்காரனுக்கும் ஒரு வீடு இருக்கும்தானே, தம்பி? உங்க வீட்டுப் பெண் ஒரு கொலையைப் பார்க்காமல் வீடு வந்து சேர்ந்தாளே, அதுக்கு என்ன விலை?" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. அடுத்த வாரம் குழந்தை இருக்கை ஒன்று வாங்கி வந்து மாட்டியிருக்கிறார்.

இன்னொன்று. தப்பி வந்தவர்களுக்கு ஆரத்தி எடுங்கள், உப்பு மிளகாய் சுற்றிப் போடுங்கள். வீட்டுப் பெரியவர்கள் மனசு நிம்மதியாகும். ஆனால் திருஷ்டி கழித்த பூசணிக்காயை நடுரோட்டில் உடைக்காதீர்கள், எலுமிச்சம்பழத்தைச் சாலையில் போடாதீர்கள். அந்தச் சதையில் சறுக்கி விழுகிற ஸ்கூட்டர்காரி யார் வீட்டுப் பெண்ணோ! வீட்டு வாசல் ஓரத்தில் உடைத்து, கையோடு கூட்டி அள்ளிவிடுங்கள்.

வண்டியில் எப்போதும் இருக்க வேண்டியவை

சிவப்பு முக்கோணம், டார்ச் விளக்கு, பஞ்சும் பாண்டேஜும் உள்ள முதலுதவிப் பெட்டி, ஒரு பழைய பருத்திப் புடவை (ரத்தத்தை அழுத்தி நிறுத்த, குழந்தையைப் போர்த்த, எல்லாவற்றுக்கும் உதவும்), தண்ணீர், போன் சார்ஜர், வண்டிக் காகிதங்களின் நகல், வீட்டார் எல்லாருடைய ரத்த வகையும் இரண்டு போன் எண்களும் எழுதிய ஒரு அட்டை.

இந்தப் பக்கத்தை உங்கள் வீட்டுக்காரருக்கும் படித்துக் காட்டுங்கள். நாளைக்கு உங்கள் வீட்டில் யாராவது முகம் வெளிறி, வண்டிச் சாவியைக் கையில் இறுக்கிப் பிடித்தபடி வாசலில் வந்து நின்றால், வண்டிக்கு என்ன ஆச்சு என்று கேட்காதீர்கள். "வா, உட்காரு, முதல்லே ஒரு வாய் காபி குடி" என்று சொல்லுங்கள். மற்ற கேள்வியெல்லாம் அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.